லைன் கிளியர்

முதலில் வந்தது மேகமல்ல,
லாரி.
கோட்டைவாசல் இறக்கத்தில்
தார்ப்பாய் சொட்டச் சொட்ட ஒன்று,
அதன் வாலைப் பிடித்தபடி இன்னொன்று.
வெயில் காயும் புளியரைச் சாலையில்
ஈரக் கோடுகளை இழுத்துக்கொண்டு வந்து
செக்போஸ்டில் நின்றன.
முன்னவன் வைப்பரை நிறுத்த மறந்திருந்தான்.
உலர்ந்த கண்ணாடியில் அது
கிறீச் கிறீச்சென்று
இல்லாத எதையோ துடைத்துக்கொண்டிருந்தது.

கம்பத்தின் மேலிருந்து பார்த்தேன்.
மணி இரண்டே முக்கால்.
ஆரியங்காவில் பெய்து
அரைமணி ஆகியிருக்கும்.
லாரிக்குத்தான் இங்கே பெர்மிட் கேட்பார்கள்.

அதுவரை கணவாய்க் காற்று
முகத்தில் அறைந்துகொண்டிருந்தது.
ஆடி முழுக்க அப்படித்தான்,
மேலே ஏறினால் சட்டை ஒரு பக்கம்
நான் ஒரு பக்கம்.
சட்டென நின்றுவிட்டது.
இடுப்புக் கயிறு ஆடவில்லை.
தென்னைகள் தூக்கிய கையை
எதற்குத் தூக்கினோம் என்று மறந்தவைபோல் நின்றன.

வயலைக் கடக்கும் பெரிய கோபுரத்தில்
பீங்கான் தட்டுகள் பேச ஆரம்பித்தன.
வறண்ட நாளில் அவை வாய் திறப்பதில்லை.
ஈரம் ஏறினால்
காய்ந்த தோசைக்கல்லில் நீர் தெளித்த சத்தம்,
ஆனால் நிற்காமல்.
மலையைப் பார்த்தேன்.
தினமும் நீலப் புகையாய்த் தள்ளி நிற்பது
இன்று பக்கத்தில் வந்து
மரம் மரமாக எண்ணக் கொடுத்தது.
முன்கையில் மயிர் எழுந்ததா,
எழுந்ததாக நினைத்தேனா, தெரியவில்லை.

பயிற்சியில் சொன்னார்கள்:
இடிச் சத்தம் கேட்டால் இறங்கு.
சில சமயம் கேட்பதற்கு
ஆள் இருப்பதில்லை.

"ஒரே ஒரு ஜம்பர்தானேண்ணே,
முடிச்சிட்டு இறங்குங்க"
கீழேயிருந்து செய்யது மசூது.
போனைத் தூக்கிக் காட்டினான்,
செங்கோட்டைக்கு முழுச் சூரியன் போட்டிருந்தது.
மாவு மில் வாசலில்
ஊறிய அரிசியோடு ஏழு பேர்.
நேரமாக ஆகப்
பாத்திரங்கள் என்னைப் பார்த்தன.

இறங்கினேன்.
ஒரு முனை கட்டப்படாத கம்பி
என் பெயரைச் சொல்லித் தொங்கியது.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.
மேகம் முகட்டைத் தாண்டிப்
பகவதிபுரம் ஸ்டேஷன் வரை வந்தது.
ரயிலுக்கு நிற்பதுபோல் கொஞ்சம் நின்றது.
என்ன நினைத்ததோ,
குண்டாறு பக்கம் திரும்பிப் போய்விட்டது.
ஜீப் பானெட்டில் நாலு துளி.
எண்ணினேன்.
நாலுதான்.
வெயில் முன்னைவிட வெள்ளையாக அடித்தது.

"கரண்டுக்காரருக்கு மழைன்னா பயமாம்லா"
ஒருத்தி சொல்ல
ஆறு பேர் சிரித்தார்கள்.
ஏழாவது ஆள்
அரிசியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.
அது சிரிப்பைவிட அதிகம் உறைத்தது.

துணைமின் நிலையத்திலிருந்து மரியபுஷ்பம்:
"முடிஞ்சுதா? லைனைத் திருப்பித் தாறீங்களா?"
இல்லை.
"அங்க மழையா?"
இல்லை.
"பொறவு?"
லாரி நனைஞ்சு வந்துச்சு மேடம், என்றேன்.
போனில் விசிறிச் சத்தம் மட்டும்.
பின்பு பேனா மூடி திறக்கும் சத்தம்.
"ரெண்டு அம்பத்திரண்டு. வேலை நிறுத்தம்.
காரணம், லாரி ஈரம்.
எழுதியாச்சு."
சிரிக்கிறாளா என்று காது கொடுத்தேன்.
சிரிக்கவில்லை.

மூன்றே முக்காலுக்குத் திரும்ப ஏறினேன்.
கம்பம் சுட்டது.
தட்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தன.
மலை தன் தூரத்துக்குப் போய்விட்டது.
கம்பியை முறுக்கிக் கட்டும்போது
இறக்கத்தில் மூன்றாவது லாரி வந்தது.
தார்ப்பாயில் புழுதி.
அதன் டிரைவர் கையை வெளியே நீட்டி
யாரையோ பார்த்து அசைத்தான்.

மில் மோட்டார் உறுமத் தொடங்கிய நேரம்
செக்போஸ்டில் நின்ற முதல் லாரி
சீட்டு வாங்கிக் கிளம்பியது.
சாலை முழுக்கக் காய்ந்து கிடக்க
அது நின்ற இடத்தில் மட்டும்
லாரி நீளத்துக்கு,
லாரி அகலத்துக்கு
மழை பெய்திருந்தது.